நூற்று எண்பத்திரண்டு வோல்ட்

அந்த வீட்டு இன்வெர்ட்டர் நான் எதிரில் நிற்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடியது. மூன்று முறை போனேன். மூன்று முறையும் நான் மாடியேறிப் பையைத் திறப்பதற்குள் அதன் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. நான் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புவேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டம்மா போன் செய்வார்.

"வந்துட்டுதுமா உன் செவப்பு லைட்டு."

உன் லைட்டு. நானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி. அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு ஏறியிருந்தது.

அப்போது நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் ஒரு சோலார் பொருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். வீடுகளுக்குப் போய் வேலை செய்பவர்களில் பெண் நான் ஒருத்திதான். என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்களுக்கு முந்தியவர்களும் போனதில்லை. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தேன். இதை யாராவது கேட்டால் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்லிவிடுவேன்.

வீடு ஊருக்குள்ளே, கோயிலைச் சுற்றிய நெசவாளர் தெரு ஒன்றில் இருந்தது. கூடத்தில் நான்கு தறி. அதில் இரண்டு தறிக்கு மேலே எலக்ட்ரானிக் ஜக்கார்டு. புடவையில் பூ விழ வேண்டிய இழைகளை மோட்டார் தூக்கிக் கொடுக்கும். மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பேனல் போட்டது எங்கள் கடைதான். மாடியில் இன்வெர்ட்டரைச் சுவரில் மாட்டி, வெளிச்சுவர் வழியாக வயர் இறக்கியது நான். வீட்டுக்குள்ளே மெயின் போர்டில் இணைத்தது கூட வந்த இன்னொருவர். மாதக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் சிவப்பு விளக்கு. 'லோ வோல்டேஜ்' என்று திரையில் எழுத்து.

இந்தக் கோளாறைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பேனலிலிருந்து வரும் கரண்டை வீட்டுக்கு வரும் தெருக் கரண்டோடு சேர்ப்பதுதான் இன்வெர்ட்டரின் வேலை. சேர்ப்பதற்கு முன் தெருக் கரண்டு சரியாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்க்கும். இருநூற்று முப்பதை ஒட்டி இருக்க வேண்டும். நூற்று எண்பத்து நான்குக்குக் கீழே போனால் சேராது. ஒதுங்கிக்கொண்டு சிவப்பு விளக்கைப் போடும். அதாவது அது சொல்வது தன் நோயை இல்லை. தன்னிடம் வந்து சேரும் கரண்டு மெலிந்திருக்கிறது என்று புகார் சொல்கிறது. ஆனால் விளக்கு இன்வெர்ட்டரில் எரிவதால் வீட்டுக்காரர்கள் இன்வெர்ட்டரைத்தான் திட்டுவார்கள். இன்வெர்ட்டரைத் திட்டி முடித்தபிறகு அதை மாட்டியவளை.

முதல் முறை போனபோது வீட்டம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"எந்த ஊருமா நீ?"

"மாகறல் பக்கம்க்கா."

"மாகறல்ல எங்க? கோயில் தெருவா?"

இந்த இரண்டாவது கேள்வி எனக்குப் பழக்கமானது. இதற்குப் பதிலாக ஏதாவது ஒரு தெருப் பெயரை முணுமுணுத்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நான் முணுமுணுப்பதில்லை.

"காலனிக்கா. ரோட்டுக்கு அந்தாண்ட."

"ஓ" என்றார். நான் அவரை அம்மா என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டதும் அவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்கலாம். பிறகு கையைக் காட்டினார். "மாடிக்குப் போக வெளியவே படி இருக்குது பாரு. அப்டியே போயிடு. உள்ள ஏதாவது ஆஃப் பண்ணணும்னா எங்க வீட்டுக்காரரு பண்ணுவாரு."

வெளிப்படியில் ஏறினேன். மூன்று முறையும் அதே படி. அந்தப் படிதான் என்னை மூன்று வாரம் ஏமாற்றியது என்று அப்போது தெரியாது.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். இன்வெர்ட்டர் காட்டும் வோல்டேஜும் என் மீட்டர் காட்டும் வோல்டேஜும் ஒன்றா என்று பார்த்தேன், ஒன்றுதான். ஸ்குரூவெல்லாம் இறுக்கினேன். மாடியில் இருக்கும் சுவிட்சைக் கழற்றி உள்ளே கருகியிருக்கிறதா என்று பார்த்தேன். வெளிச்சுவரில் கரண்ட் மீட்டர் இருந்தது. அதன் திரையில் எண்கள் மாறி மாறி வரும், அதில் வோல்டேஜும் வரும். இருநூற்று இருபத்தாறு. பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. எதிலும் குறை இல்லை.

இரண்டாம் முறை வீட்டுக்காரரும் மாடிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல நெசவாளி என்று தெருவில் பெயர். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நான் வேலை செய்வதையே பார்த்தார்.

"வயர் மாட்டுனது நீதானே?"

"நான்தாண்ணா."

"அதான் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதையே பிறகு தெருவில் கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை நான் போனபோது எதிர்வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இன்னாமா, நீ மாட்டுனது நிக்கவே மாட்டேங்குதாமே?" என்று சிரித்தார். வீட்டம்மாவும் தன் பங்குக்கு, "உன்னக் கண்டா அந்தப் பொட்டிக்கு பயம்மா. நீ வந்தா ஒழுங்கா வேல செய்யுது. பேசாம மாடியிலயே ஒரு பாய போட்டு இருந்துடு" என்றார். கேலிதான். அதில் கொஞ்சம் பாசமும் கலந்திருந்தது. ஆனால் நான் சிரிக்கவில்லை.

நான்காவது போன் வந்த அன்று புதன்கிழமை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பொறுமை குறைவானவர்.

"மூணு வாட்டி போயிட்ட."

"ஆமா சார்."

"அந்த ஏரியால கரண்டு கம்மியா வருது, அவ்ளோதான். லிமிட்ட எறக்கி வுடு. நூத்தி அறுவதுல வச்சிட்டா அது வாயே தொறக்காது." ஒரு துண்டுச் சீட்டில் இன்வெர்ட்டரின் பாஸ்வேர்டை எழுதி நீட்டினார்.

"சார், வீட்ல எங்கியோ வோல்டேஜ் விழுது. அது சொல்லுது. அதோட வாய அடைச்சிட்டா கோளாறு போயிடுமா?"

"எங்க விழுதுன்னு சொல்லு அப்போ."

சீட்டை வாங்கிக்கொண்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"சனிக்கெழமைக்குள்ள முடி. ஒண்ணு, எறக்கி வுட்டு முடி. இல்ல, இன்னா காரணம்னு சர்வீஸ் பேப்பர்ல எழுதி வீட்டுக்காரரு கையெழுத்து வாங்கிட்டு வா. ரெண்டும் இல்லன்னா திங்கக்கெழமலேந்து நீ போன் டேபிள்ல உக்காரு. அங்கியும் ஆள் வேணும். வெயில்ல அலைய வேணாம், உனக்கும் நல்லது."

உனக்கும் நல்லது. நான் படித்தது போன் எடுக்க இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அந்தப் போன் மேசை எனக்காகக் காலியாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் முதலில் அந்த நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். அதில் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். எறக்கி விடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு நிமிடம்தான் என்னால் முடியாதது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்த இன்வெர்ட்டரின் பதிவுகளைத் திறந்தேன். எந்த நாளில் எத்தனை மணிக்கு நின்றது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். இத்தனை நாளும் கடைசிப் பதிவை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது முதலிலிருந்து நோட்டில் எழுதினேன். ஆறு நாற்பது. ஆறு முப்பத்தைந்து. ஆறு நாற்பத்திரண்டு. எல்லாம் காலை. வெயில் எழுந்து இன்வெர்ட்டர் கண் விழிக்கும் நேரம். விழித்தவுடன் வோல்டேஜ் இல்லை என்று ஒதுங்குகிறது. அப்படியே நாள் முழுக்க நிற்கிறது. நான் போன மூன்று நாளில் மட்டும் பத்து மணிக்கு மேல் ஓடியிருக்கிறது.

இடையில் ஒரே ஒரு நாள் பதிவே இல்லை. காலையிலேயே பச்சை. நாள் முழுக்கப் பச்சை. அன்று நான் அங்கே போகவும் இல்லை. அன்று என்ன செய்தேன் என்று யோசித்தேன். வீட்டில் இட்லி. அம்மா சுட்டது. வேலை நாளில் அம்மாவுக்கு இட்லி சுட ஏது நேரம்? அம்மா ஊருக்குள் பட்டு நூல் முறுக்கும் கொட்டகையில் கூலி வேலை பார்க்கிறார். ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அன்று போகவில்லை. ஏனென்றால் அன்று அமாவாசை.

அமாவாசை அன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. பட்டு சம்பந்தப்பட்ட எதுவும் ஓடாது.

நான் பஸ்ஸில் சத்தமாக ஏதோ சொல்லிவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தறி ஓடாத நாளில் கோளாறு இல்லை. தறி ஓடினால் கோளாறு. அப்படியென்றால் நான் போன நாட்களில்? அந்தத் தெரு முழுக்க எப்போதும் தறிச் சத்தம். அதில் ஒரு வீட்டின் சத்தம் இருந்ததா, நின்றதா என்று என் காது பிரித்துப் பார்க்கவில்லை. வெளிப்படியில் ஏறிப் போனவளுக்குக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

உடனே வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நான் வர்றப்போ தறி ஓடுமா?"

"அது எப்டிமா ஓட்டுவாங்க? நீ கரண்டுல கை வைக்கப் போற. ஒரு செகண்டு கரண்டு விட்டு வந்தாலும் ஜக்கார்டு ஒரு வரி தாண்டிடும். பூ கோணிக்கும். உன் வண்டி சத்தம் கேட்டாலே எல்லாத்தையும் நிறுத்திடுவாரு. மோட்டாரு, தார்க்குச்சில நூல் சுத்தறது, அல்லாத்தையும்."

மூன்று வாரம். நான் வரும் சத்தம் கேட்டதும் கோளாறையே நிறுத்திவிட்டு, என்னை மாடிக்கு அனுப்பிக் கோளாறைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். தறியை நிறுத்தியதும் வோல்டேஜ் ஏறும்; இன்வெர்ட்டர் சேர்ந்துகொள்ளும். நல்ல வெயிலில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் பேனலே தறிக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். தெருவிலிருந்து இழுக்க வேண்டியதில்லை. சாயங்காலம் வரை ஓடும். மறுநாள் காலை வெயிலுக்கு முன்னால் தறி தொடங்கும். மறுபடி சிவப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். கடை வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். உள்ளே தறி தடதடத்தது. இன்னும் சில நிமிடத்தில் மாடியில் சிவப்பு விளக்கு எரியும்.

"இன்னாமா இவ்ளோ காலைல?" வீட்டம்மா கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு உள்ள வரணும்க்கா. மெயின் போர்டுல வச்சிப் பாக்கணும். தறி ஓடிக்கினே இருக்கணும்."

அவர் திரும்பி உள்ளே பார்த்தார். தறிச் சத்தத்துக்கு மேலே வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "யாரு?"

"சோலார் பொண்ணு. உள்ள வரணுங்குது."

தறியில் ஊடை நூல் குறுக்கே நாலைந்து முறை போய் வந்தது. நான் வெளிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் இனி ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"செருப்ப கழட்டிட்டு வரச் சொல்லு."

அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டு இருக்கும் இடத்தில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தறியில் ஓடும் நூலை என் அம்மாவே முறுக்கியிருக்கலாம். உள்ளே போனேன்.

என்னைக் கண்டதும் அவர் கை ஜக்கார்டின் சுவிட்சுக்குப் போனது.

"அண்ணா, நிறுத்தாதீங்க. நான் ஒரு வயரும் கழட்ட மாட்டேன். தொட்டுப் பாப்பேன், அவ்ளோதான். கரண்டு ஒரு செகண்டு கூட நிக்காது."

"முகூர்த்தப் பொடவமா இது. ஒரு வரி பூ கோணுச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"கோணாது."

"கோணுச்சுன்னா?"

"நான் மாட்டுனது சரியில்லன்னு தெருவுக்கே சொன்னீங்கல்ல. இதையும் சேத்து சொல்லிக்கோங்க."

வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு நெய்யத் தொடங்கினார்.

மெயின் போர்டில் மீட்டரின் இரண்டு முனையையும் வைத்தேன். நூற்று எண்பத்திரண்டு.

மூன்று வாரமாக நான் ஒருமுறைகூடப் பார்க்காத எண். எனக்குக் கோபம் வந்ததா சந்தோஷம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்போ ஒரு தறி மட்டும் நிறுத்துங்கண்ணா, பூ முடிஞ்ச எடத்துல." நிறுத்தினார். இருநூற்று இரண்டு. அடுத்த தறியையும் தார் சுற்றும் மோட்டாரையும் நிறுத்தச் சொன்னேன். இருநூற்று இருபத்து மூன்று. திரும்பப் போடச் சொன்னேன். நூற்று எண்பத்து மூன்று, நூற்று எண்பத்திரண்டு.

"அப்போ தறில கோளாறா?" அவர் குரல் மாறிவிட்டது. உண்மையாகவே பயந்துபோனார்.

"தறில ஒண்ணும் இல்ல. தறி கேக்குது, வர்ற வழி குடுக்கல. வழில எங்கியோ அடைப்பு."

வாசலுக்கு ஓடினேன். வெளிச்சுவர் மீட்டரில் எண்கள் மாறி மாறி வந்தன. வோல்டேஜ் வரும் வரை காத்திருந்தேன். நூற்று எண்பத்து மூன்று. அதாவது வீட்டுக்குள்ளே விழவில்லை. மீட்டருக்கு வரும்போதே விழுந்துதான் வருகிறது. அடுத்த வீட்டு மீட்டரும் வெளிச்சுவரில்தான் இருந்தது. ஒரே கம்பத்திலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் வயர். அங்கே இருநூற்று இருபத்து நான்கு. தெருவில் கரண்டு நன்றாகத்தான் இருக்கிறது. முதலாளி சொன்னது தப்பு. என் வயரிலும் குறை இல்லை. கம்பத்துக்கும் இந்த வீட்டு மீட்டருக்கும் நடுவில், அந்த இருபது முப்பது அடியில்தான் அது ஒளிந்திருக்கிறது.

அண்ணாந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மாடிச் சுவரோரம் நட்ட இரும்புக் குழாயில் வந்து வீட்டு வயரோடு சேரும் இடம். கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதை முதல் புகாருக்கு வந்த அன்றே பார்த்திருக்கிறேன். ஒரு சுற்று மேலே ஒரு சுற்று ஏறாமல், இடைவெளி ஒரே அளவாக, அவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தது. யாரோ கை சுத்தமான ஆள் செய்தது என்று நினைத்து மேலே போய்விட்டேன். அது என் தப்பு. இப்போது தறி ஓடும்போது பார்த்தால் டேப்பின் நடுப்பகுதி உருகிப் பளபளத்தது.

மீட்டருக்கு முன்னால் இருப்பதில் நான் கை வைக்கக் கூடாது. லைன்மேனுக்குப் போன் செய்தேன். வரும்வரை பெரிய மோட்டார் எதையும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். பதினொரு மணிக்கு ஏணியோடு வந்தார்.

"இன்னாமா, கரண்டு குடுக்கறோம்னு வந்துட்டு எங்க கரண்டுலயே குத்தம் கண்டுபுடிக்கிற?"

"உங்க கரண்டுல குத்தம் இல்லண்ணா. கம்பத்துல நல்லாதான் இருக்குது. அதோ அந்த டேப்புக்குள்ள நாப்பது வோல்ட்டு காணாம போவுது."

"மேல ஏறாமலே கண்டுபுடிச்சிட்டியா? பெரிய ஆளுதான்." நம்பாமல்தான் சொன்னார். கம்பத்தில் இணைப்பை எடுத்துவிட்டு வந்து ஏணியைச் சாய்த்து ஏறினார். டேப்பைப் பிரித்தார். உள்ளே அலுமினியமும் செம்பும் சேர்ந்த இடம் கரியாக இருந்தது. கையில் பிடித்ததும் உதிர்ந்தது.

"யோவ், எவன்யா இது?" மேலிருந்து கத்தினார். "பாவு பிணைக்கிற மாதிரி முறுக்கி வச்சிருக்கான்!"

தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரும்போது அடுத்த பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி முறுக்குவார்கள். முடிச்சுப் போட மாட்டார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒன்றுகூட விட்டுப்போகாது. பட்டு அப்படிப் பிடித்துக்கொள்ளும். அலுமினிய வயர் பிடித்துக்கொள்ளாது. செம்போடு முறுக்கினால் உள்ளேயே துரு ஏறி நாளுக்கு நாள் தளர்ந்து சூடாகும்.

வீட்டம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கம்பத்தைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். கோளாறு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன், திருவிழாவில் அந்தத் தெரு வழியாக சாமி வாகனம் போனது. குடையோடு சேர்த்து உயரம் அதிகம். தெருவின் குறுக்கே போகும் வயர்களை லைன்மேன் கழற்றி இறக்கிவிட்டுப் போவார்; சாமி போனதும் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டு வருவார். அன்று தறியில் அவசரமாக முடிக்க வேண்டிய புடவை. லைன்மேன் தெருவின் அந்தக் கோடியில் இருந்தார். இவர் ஏணி போட்டு ஏறித் தானே முறுக்கி, டேப்பும் சுற்றிவிட்டார். கைவேலையில் தேர்ந்தவர் ஆயிற்றே. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்ததால், பின்னால் வந்த லைன்மேனும் தன் கூட்டாளி செய்தது என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்.

"நான் வர்ற வரைக்கும் இருந்தா இன்னா?" லைன்மேன் கீழே இறங்காமலே திட்டினார். "அப்ப கரண்டு போட்டிருந்தா நீ இங்கியே பொரிஞ்சிருப்ப!"

"ஒரு மணி நேரம் பாத்தேன்பா. நீ வர்ல."

"வர்லன்னா? சாமியே மெதுவாதான் போச்சு!"

முறையான கனெக்டர் போட்டு அழுத்தி முடித்தார். தறி இரண்டையும் ஓடவிட்டு மெயின் போர்டில் பார்த்தேன். இருநூற்றுப் பத்தொன்பது. லைன்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான்மா" என்றார். அவர் வாயிலிருந்து அது போதும்.

ஆனால் பேப்பரில் அன்றே எழுதவில்லை. காலையில் தானாக எழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் சரியாகிவிட்டது என்று எழுதுவதற்கு நான் தயாராக இல்லை. சனிக்கிழமை காலை மறுபடி ஆறரைக்குப் போனேன். முன்வாசல் வழியாக. தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடத்திலேயே நின்றுகொண்டு வீட்டம்மாவை மாடிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் படியிலிருந்தே குரல் வந்தது. "பச்ச! பச்ச வந்துட்டுது! நீ இல்லாமலே வந்துட்டுது!"

தறி மேடையில் பேப்பரை வைத்து எழுதினேன். 'மீட்டருக்கு முன், சர்வீஸ் வயர் இணைப்பு முறுக்கி மட்டும் விடப்பட்டிருந்தது. அதனால் தறி ஓடும்போது வோல்டேஜ் குறைந்தது. லைன்மேன் மூலம் சரி செய்யப்பட்டது. இன்வெர்ட்டரிலோ நாங்கள் பொருத்திய வயரிலோ கோளாறு இல்லை. எந்த செட்டிங்கும் மாற்றப்படவில்லை.' உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

வீட்டுக்காரர் வாங்கவில்லை.

"முறுக்கி வுட்டதெல்லாம் எதுக்குமா? இன்வெர்ட்டர்ல செட்டிங் மாத்துனேன்னு எழுது. கையெழுத்து போடறேன். உனக்கும் வேல முடியும்."

"செட்டிங் மாத்தலியேண்ணா."

"யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நான் எழுதுறது. நான் பாப்பேன்."

"நாலு பேரு படிச்சா என்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

"உங்க பேரு இதுல இல்ல. முறுக்கியிருந்துதுன்னுதான் இருக்குது. யாரு முறுக்குனதுன்னு இல்ல."

"தெருவுக்கே தெரியும்மா."

"நான் மாட்டுனது சரியில்லன்னும்தான் தெருவுக்கே தெரியும்" என்றேன். "மூணு வாரமா."

பக்கத்துத் தறியில் அவருடைய தம்பி தலையைத் தூக்காமல் நெய்துகொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் நான் கடைக்குப் போனால் திங்கட்கிழமை போன் மேசை. அவர் கேட்டபடி எழுதினால் அடுத்த நிமிடமே வேலை எனக்கு மிஞ்சும். இது இரண்டும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பேப்பரில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கப்போவதில்லை என்பதும் தெரிந்திருந்தது. பேனாவை நீட்டியபடியே நின்றேன். கை வலித்தது. மடக்கவில்லை.

வீட்டம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு பேரையும் பார்த்தார்.

"போடுய்யா. அன்னிக்கு ஏணியப் புடிச்சது நான்தான். நானும் வேணாம்னு சொல்லல. எனக்கும் சேத்து போடு."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கினார். எழுதியதை ஒருமுறை தானே மெதுவாகப் படித்தார். 'முறுக்கி' என்ற இடத்தில் நின்று, "மட்டும்னு எழுதியிருக்க" என்றார்.

"ஆமாண்ணா. மட்டும்."

கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து.

கடையில் முதலாளி பேப்பரை வாங்கி இரண்டு தரம் படித்தார். யார் முறுக்கியது என்று கேட்டார். சொன்னேன்.

"அவரு முறுக்குனதுன்னு தெரிஞ்சிக்கினே அவருகிட்டயே கையெழுத்து வாங்கினியா?"

"வீட்டுக்காரரு கையெழுத்துதானே சார் கேட்டீங்க."

பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பாராட்டவில்லை. பேப்பரை ஃபைலில் போட்டுவிட்டு, தென்னேரியிலிருந்து வந்திருந்த ஒரு புகார்ச் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை தென்னேரிக்குப் போனேன். ஏரிக்கரையை ஒட்டிய புது வீடு. கேட்டைத் திறந்தவர் என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஆம்பள யாரும் வரலியாமா?"

"இல்ல. நான்தான் வந்திருக்கேன்" என்றேன். "மெயின் போர்டு உள்ள எந்தப் பக்கம்? எதையும் ஆஃப் பண்ணாதீங்க."